துறவும் இல்லாமையும்

குறைந்த உடைமையோடு வாழ்வதைப் பலர் இன்று தமது சொந்தத் தெரிவாகக் கூறுகின்றனர். பொருட்களைக் குறைத்தால் மனம் இலேசாகும் என்கின்றனர். ஸூபிகள் 'ஸுஹ்து' என்று அழைத்தது இதற்கு வெகு நெருக்கமானது. ஆனால் அக்கரப்பத்தனை போன்ற ஒரு தோட்டப் பிரதேசத்தின் வரலாற்றை வைத்துப் பார்த்தால், எளிமை பற்றிய இந்தப் பேச்சை அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை.

தமிழில் ஸுஹ்துக்கு உடனே நினைவில் வருபவர் குணங்குடி மஸ்தான் சாஹிபு (1792 - 1838). தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர், கீழக்கரையில் மார்க்கக் கல்வி கற்றவர். மாமன் மகளை மணம் பேசியபோது மறுத்து வெளியேறினார். இறைவனை நாடுபவனுக்கு உலகப் பற்றுத் தடை என்பது அவருடைய காரணம். மலைகளில் தனித்திருந்து, இறுதியில் வட சென்னைக்கு வந்து சேர்ந்தார். தொண்டியார் வாழ்ந்ததால்தான் அது தண்டையார்பேட்டை ஆயிற்று என்பார்கள். பித்தரைப் போலத் திரிந்தவரை முஸ்லிம்களும் இந்துக்களும் குருவாகக் கொண்டனர். சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். அவருக்கு விட்டு வர ஒரு வீடு இருந்தது, மறுக்க ஒரு திருமணம் இருந்தது. இதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை.

அவர் மறைந்த காலத்தையொட்டியே அதே இராமநாதபுரக் கரையிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் வரத் தொடங்கினர். மன்னாரில் இறங்கிக் காட்டுவழி நடந்தவர்களின் மூட்டையும் சிறியதுதான். கூடவே கங்காணியிடம் பெற்ற முற்பணக் கடன் வந்தது. கடன் தொகை எழுதிய 'துண்டு' இல்லாமல் தோட்டம் மாற முடியாது. அம்முறை 1921இல்தான் ஒழிந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவில் ஒரு குடும்பமே வாழ்ந்தது. 'கூலிக்குத் தேவைகள் கொஞ்சம்' என்பது துரைமாருக்கு வசதியான நியாயமாக இருந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் 1929இல் மலைநாட்டு ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நாட்சம்பளமாயிற்று. பெண்ணின் தேவை இன்னும் கொஞ்சம் போலும்!

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எளிமையாக வாழ்ந்ததை மிம்பர்களில் அடிக்கடி கேட்கிறோம். அதே நபியவர்கள் வறுமையை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள் என்பதும் ஹதீஸ்தான். லயத்து மனிதரிடம் 'போதும் என்ற மனம்' பற்றி உபதேசிக்கப் போகிறவர்கள் இரண்டாவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தோட்டத்து மக்கள் தமது இல்லாமையைத் துறவாக எண்ணி அடங்கிக் கிடக்கவுமில்லை. 1956இல் அக்கரப்பத்தனை டயகமத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. அப்துல் அஸீஸின் தலைமையில் காங்கிரஸிலிருந்து பிரிந்த தொழிற்சங்கத்தின் அங்கீகாரமே அதில் பிரச்சினை. பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவர் ஏப்ரஹாம் சிங்கோ என்ற சிங்களவர்.