பாறைக்கும் பெயர் உண்டு

கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் சேர்வராயன் மலை எதிரே நிற்கும். மாசியில் இலை உதிர்ந்து புல் காய்ந்ததும், ஏதாவது ஓர் இரவில் சரிவில் சிவப்பாக ஒரு புள்ளி தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டாகி, நாலாகி, மாலைபோல் நீளும். அப்பா சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார். கோடையில் மட்டும் வனத்துறையில் கூலிக்குப் போகும் ஃபயர் வாட்சர் அவர். மழை விழுந்தால் வேலை முடிந்தது.

"புளியம்பள்ளத்துக்கு மேலே, நரிப்பாறைக்குக் கீழே" என்பார். கூட வருகிறவர்களுக்கு அது போதும். கொடுவாள், தண்ணீர்க் குடுவை, டார்ச் விளக்கு. மேலே போய்ப் பச்சைத் தழையை ஒடித்துத் தீயின் ஓரத்தை அடிப்பார்கள். நெருங்க முடியாத தீ என்றால், அது வரும் வழியில் முன்கூட்டியே புல்லைக் கொளுத்திவிடுவார்கள். பெரிய தீ அந்தக் கருகிய இடத்துக்கு வந்ததும் தின்ன ஒன்றும் இல்லாமல் அடங்கும். இதற்கு எதிர்த்தீ என்று பெயர். விடிந்தபின் வீடு வரும் அப்பாவின் புருவம் பொசுங்கியிருக்கும். அம்மா ஒன்றும் பேசாமல் அவர் கையில் தேங்காய் எண்ணெய் தடவுவாள்.

காட்டுத்தீயை அரசு தடுக்கத் தொடங்கியது பழைய கதை. 1864-இல் மத்திய மாகாணத்துப் போரிக் காட்டில் கர்னல் பியர்சன் அதைத் தொடங்கிவைத்தார். இங்கே 1882-இன் சென்னை வனச் சட்டம், காப்புக்காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. ஆண்டுதோறும் புல்லைச் செதுக்கி எடுக்கும் தீத்தடுப்புக் கோடுகள் வந்தன. ஆனால் தீயை முதலில் பார்ப்பது அடிவாரத்துக்காரர்களின் கண்தான். என் சிறுவயதில் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஒருவர் வன அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னால்தான் செய்தி.

2004-இல் அந்தப் பார்வை வானத்துக்கு ஏறியது. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், நாசாவின் டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியைக் கொண்டு காட்டுத்தீயைக் கண்டறியத் தொடங்கியது. எரியும் நிலம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வீசும். அக்கம்பக்கத்தைவிட ஓரிடம் அதிகமாக வீசினால் அது தீப்புள்ளி. மோடிஸில் ஒரு புள்ளி என்பது ஒரு கிலோமீட்டர் சதுரம், அதாவது ஏறத்தாழ 250 ஏக்கர். 2011-இல் ஏவப்பட்ட சுவோமி செயற்கைக்கோளின் வீர்ஸ் கருவி அதை 375 மீட்டராக, சுமார் 35 ஏக்கராகச் சுருக்கியது. ஹைதராபாத்தை அடுத்த ஷாத்நகரில் இறங்கும் தகவல் டேராடூன் போய், வன எல்லை வரைபடத்தோடு ஒப்பிடப்பட்டு, அந்தந்தப் பகுதி வனக் காப்பாளரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. பொதுமக்களும் பதிவு செய்து பெறலாம்.

இதற்கும் எல்லை உண்டு. சுவோமி இங்கே கடப்பது பகல் ஒன்றரை மணி வாக்கில் ஒருமுறை, இரவு ஒன்றரை மணி வாக்கில் ஒருமுறை. மாலை நாலு மணிக்குப் பிடித்த தீ அதற்காகக் காத்திருக்காது. அந்த இடைவெளியில் உதவுவது ட்ரோன். 2013 உத்தராகண்ட் வெள்ளத்தில் ஐடியாஃபோர்ஜ் நிறுவனத்தின் 'நேத்ரா' ட்ரோன், சிக்கியவர்களைத் தேடப் பறந்தது. 2022-இல் தமிழக அரசே ஆளில்லா விமானங்களுக்கென்று ஒரு கழகம் அமைத்தது. வெப்பத்தைப் பார்க்கும் கேமரா பூட்டிய ட்ரோனை அடிவாரத்திலிருந்து ஏற்றினால், தீ எந்தப் பக்கம் நகர்கிறது, இருட்டில் மனிதர் யாராவது இருக்கிறார்களா என்று தெரியும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைத் தீ சூழ்ந்தது. 23 உயிர்கள் போயின. அந்த இரவில் யார் எந்தச் சரிவில் கிடக்கிறார் என்று தேடுவதே பெரும்பாடாக இருந்தது.

ஆனாலும் கருவி மட்டும் போதாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மதியம், இளம் வனக் காப்பாளர் ஒருவர் எங்கள் திண்ணைக்கு வந்தார். கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியில் தீயின் இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்கள்: ஒன்று 11.7 என்று தொடங்கியது, மற்றது 78.1 என்று. வரைபடத்தில் போட்டால் வெறும் பச்சைதான்.

"அய்யா, இது எந்த இடமுங்க?"

அப்பாவுக்கு அப்போது எண்பது வயது. கையை நெற்றியில் வைத்துப் புகையைப் பார்த்தார்.

"நரிப்பாறைங்க தம்பி. வலப்பக்கமா ஏறுங்க. இடப்பக்கம் கல்லு உருளும், ஆள் போகக்கூடாது."

அந்தக் கடைசி வாக்கியம் எந்தக் குறுஞ்செய்தியிலும் வராது.

2024 ஜூலை 30-இல் வயநாட்டில் மலை சரிந்தபோதும் இதைத்தான் கண்டோம். இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் கார்ட்டோசாட்-3, ரிசாட் படங்களிலிருந்து 86,000 சதுர மீட்டர் நிலம் சரிந்ததையும், சகதி எட்டு கிலோமீட்டர் ஓடியதையும் கணக்கிட்டுத் தந்தது. மீட்புக்குப் பெரும் உதவி அது. எந்த மண்மேட்டின் கீழே யார் வீடு என்று காட்டியவர்களோ உயிர் பிழைத்த ஊர்க்காரர்கள்.

செயற்கைக்கோள் எண்ணைத் தருகிறது. எண்ணுக்குப் பாதை காட்டுவது பெயர். அந்தப் பெயர்கள் ஆடு மேய்த்தவர்கள், சுள்ளி பொறுக்கியவர்கள், ஃபயர் வாட்சர்கள் நினைவில் மட்டும் இருக்கின்றன. அடிவாரத்து ஊர் ஒவ்வொன்றும் தை மாதத்திலேயே, தீக்காலம் தொடங்குமுன், பெரியவர்களையும் வனக் காப்பாளரையும் ஒன்றாக மலையேற்ற வேண்டும். பாறை, பள்ளம், ஓடை, ஒற்றையடிப்பாதை ஒவ்வொன்றின் பெயரையும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களோடு குறித்து, தீயணைப்பு நிலையத்துக்கும் வன அலுவலகத்துக்கும் கிராம சபை வழியாகத் தர வேண்டும். ஒரு கைப்பேசியும் இரண்டு நாள் நடையும் போதும்.

அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிவைத்த 31 பெயர்கள் ஒரு நோட்டில் இருக்கின்றன. மூன்று ஓடைகளைக் கேட்காமல் விட்டேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். உங்கள் ஊரில் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.