தாய்ப்பாரும் நீரோட்டமும்

டைவிங் போற ஆக்களைக் கேட்டுப் பாருங்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஹிக்கடுவ, மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை திருகோணமலை எண்டு சொல்லுவினம். கரையிலிருந்து நீந்திப்போய் இறங்குவதானாலும் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். சோழகக் காலத்தில் இலங்கைக்குத் தெற்கே நீர் கிழக்கு நோக்கி ஓடும். வாடைக்காலத்தில் மேற்குப் பக்கம் திரும்பும். இந்தக் கணக்கு சுற்றுலாவோடு வந்த புதுச் சரக்கில்லை.

மன்னார் முத்துக்குளிப்பு பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில்தான் நடந்தது. வாடை ஓய்ந்து, சோழகம் இன்னும் எழும்பாத இடைவெளி அது. 1905இல் 318 படகுகளில் 4,991 சுழியோடிகள் இறங்கி, எட்டுக் கோடிக்கும் அதிகமான சிப்பிகளை அள்ளினார்கள். படகுகள் நள்ளிரவையொட்டித் தரைக்காற்றில் புறப்படும். விடிந்ததும் குளிப்பு. மதியம் கடற்காற்று எழும்ப, அதைப் பிடித்தே கரைக்குத் திரும்பும். காற்றுச் சிலிண்டர் கிடையாது. காலுக்கு ஒரு கல், கைக்கு ஒரு கயிறு, படகில் அந்தக் கயிற்றைப் பிடித்தபடி ஒரு ஆள். அவ்வளவுதான்.

சிப்பி விளையும் கடலடித் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். அவற்றில் பெரியபார் ஒரு புதிர். குஞ்சுச் சிப்பிகள் அங்கே கோடிக்கணக்கில் தோன்றும். வளருமுன்பே காணாமல் போகும். உள்ளூர் ஆக்கள் அதைத் 'தாய்ப்பார்' என்றார்கள். அங்கே பிறக்கும் குஞ்சுகள்தான் கரையோரப் பார்களுக்கு வந்து சேருகின்றன என்பது அவர்களின் நம்பிக்கை. 1902இல் ஆங்கில அரசு அழைத்துவந்த விலங்கியல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் வேறு காரணம் கண்டார். பெரியபாரின் மேற்கு விளிம்பு சடாரென்று ஆழத்துக்கு இறங்குகிறது. சோழகக் கொந்தளிப்பும் நீரோட்டமும் குஞ்சுகளை அந்த ஆழத்துக்கு அடித்துக்கொண்டு போகின்றன.

இதில் ஹெர்ட்மன் சொன்னதுதான் சரி எண்டு வைப்போம். ஆனால் குஞ்சுகள் அங்கே தங்குவதில்லை, நீர்தான் கொண்டுபோகிறது என்ற பாதி உண்மை சுழியோடிகளிடம் முன்பே இருந்தது. ஹெர்ட்மன் கடைசியில் கொடுத்த யோசனையும் குஞ்சுகளை அள்ளிப் பாதுகாப்பான பார்களில் விடுங்கள் என்பதுதான். கடல் செய்கிறது என்று அவர்கள் நம்பிய வேலையை மனிதரைச் செய்யச் சொன்னார்.

ஹெர்ட்மனின் அறிக்கை ஐந்து தொகுதிகளாக அவர் பெயரில் இருக்கிறது. அந்த 4,991 பேரும் எங்களிடம் ஒரு எண்ணாகத்தான் வந்து சேர்ந்திருக்கினம். எங்கட கடல் வரலாற்றை எழுதும்போது இந்த அறிவையும் அறிவு என்றே எழுத வேண்டும். அடுத்தமுறை டைவிங் போறவர்கள், போனில் காற்றைப் பார்த்த கையோடு, கரையில் வலை பொத்துற ஐயாவிடமும் நீர் எந்தப் பக்கம் இழுக்குது எண்டு ஒருக்கால் கேளுங்கள்.