எல்லை கடந்த ஒளிக்கலைஞர் வின்ஸென்ட்

திரையில் தோன்றும் நடிகரின் பெயரை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். பாடியவர் யார், இசை அமைத்தவர் யார் என்பதும் பலர்க்குத் தெரியும். ஆனால் அவ்வுருவங்களை ஒளியும் நிழலுமாகப் படச்சுருளில் பதித்தவர் யார் என வினவினால், விடை கூறுவோர் மிகச் சிலரே. இரவெல்லாம் விழித்திருந்து தண்டவாளத்தைச் சரிபார்க்கும் ஊழியரைப் பயணிகள் அறியாதிருத்தல் போன்றதே இதுவும். அத்தகையோருள் ஒருவரான ஏ. வின்ஸென்ட் அவர்களின் வரலாறு, சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழராகிய நமக்குத் தனிப்பொருள் உடையது.

1928ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் பிறந்தவர் அவர். அந்நாளில் கோழிக்கோடும் சித்தூரும் ஒரே சென்னை மாகாணத்தின் பகுதிகள். 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் அதனுடன் சேர்ந்தது. 1956இல் மலபார் கேரளத்துடன் இணைந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்குத் திரும்பியது. நிலப்படத்தில் கோடுகள் இவ்வாறு மாறிவந்த ஆண்டுகளிலேயே, ஜெமினி ஸ்டூடியோவில் காமிராத் தொழில் பயின்ற அவ்விளைஞர் மூன்று மொழிகளிலும் தம் பெயரை நிலைநாட்டினார்.

1954இல் வெளிவந்த 'நீலக்குயில்' என்னும் மலையாளப் படம் அவர் ஒளிப்பதிவில் உருவானது. சாதிக் கொடுமையை எடுத்துக்காட்டிய அப்படம் தேசிய விருது பெற்று, மலையாளத் திரைக்கே புதுவழி காட்டிற்று. தமிழில் 'உத்தம புத்திரன்' (1958), 'கல்யாண பரிசு' (1959), 'காதலிக்க நேரமில்லை' (1964), 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) ஆகியவை அவர் கைவண்ணத்தைக் கண்டன.

'உத்தம புத்திரன்' படத்தில் சிவாஜி கணேசனும், 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆரும் இரட்டை வேடம் பூண்டனர். கணினி இல்லாத அக்காலத்தில், லென்ஸின் ஒரு பாதியை மறைத்து ஒரு வேடத்தைப் பதிவு செய்வர்; பின்னர்ப் படச்சுருளைப் பின்னுக்குச் சுற்றி, மறு பாதியை மறைத்து அடுத்த வேடத்தைப் பதிவு செய்வர். இடையில் காமிரா மயிரிழை அசைந்தாலும் நடுவே கோடு தோன்றிவிடும். எத்துணைப் பொறுமை வேண்டிய பணி இது!

ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) பெரும்பாலும் ஒரே மருத்துவமனை அரங்கில் எடுக்கப்பட்டது. பார்ப்போர்க்குச் சலிப்புத் தோன்றாதிருக்க, ஒளியையும் கோணத்தையும் மாற்றி மாற்றி அமைத்தார் வின்ஸென்ட். நோயாளியின் கட்டிலுக்கு அடியே காமிரா ஊர்ந்து செல்லும் பாடற்காட்சியை இன்றும் வியந்து பேசுவர்.

பிறமொழிகளில் புகழடைந்தவர் தாய்மொழியை மறந்தாரல்லர். 1964இல் வைக்கம் முகம்மது பஷீர் எழுதிய 'பார்கவி நிலையம்' வாயிலாக மலையாளத்தில் இயக்குநரானார். எம்.டி. வாசுதேவன் நாயர் எழுதிய 'முறப்பெண்ணு' அடுத்த ஆண்டு வந்தது. 1968இல் அவர் இயக்கிய 'துலாபாரம்', தெலுங்கு நாட்டில் பிறந்த சாரதாவுக்கு 'ஊர்வசி' விருதைப் பெற்றுத் தந்தது. மலையாளி இயக்கிய மலையாளப் படத்தில் தெலுங்கு மகள் நடித்து, நாடெங்கும் முதன்மை பெற்றாள் என்பது எண்ணி மகிழத்தக்கது.

நமக்கு மிக அணுக்கமான செய்தி இனிமேல்தான். 1997இல், 68 வயதில், 'அன்னமய்யா' என்னும் தெலுங்குப் படத்திற்கு அவர் ஒளிப்பதிவு செய்தார். வேங்கடவன்மீது ஆயிரக்கணக்கான கீர்த்தனைகள் பாடி, அவை செப்பேடுகளாய்த் திருமலையில் காக்கப்பெற்ற தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் கதை அது. கோழிக்கோட்டில் பிறந்து சென்னையில் தொழில் பயின்றவர், நம் வேங்கடத்துப் புலவரின் வாழ்வைத் திரையில் தீட்டினார். 2015இல் அவர் சென்னையில் மறைந்தார்.

தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைத் தமிழ்நிலத்தின் வடவெல்லையாகக் கூறும். அவ்வெல்லையிலேயே நாம் குடியிருக்கின்றோம். நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு பயில்கின்றனர். வீட்டுத் தமிழ் தேய்ந்துவிடுமோ என்னும் கவலை பெற்றோரை வாட்டுகிறது. அக்கவலை பொய்யன்று. ஆயினும், மூன்று மொழிகளுக்கு உழைத்தும் தம் மொழிக்குச் சிறந்த படைப்புகளை அளித்த வின்ஸென்டின் வாழ்வு நமக்கு ஒரு நெறி காட்டுகிறது. அயல்மொழியைக் கற்பதால் தாய்மொழி அழிவதில்லை. தாய்மொழியில் எதுவும் செய்யாதிருப்பதாலேயே அழிகிறது. ஆதலின் தெலுங்கை நன்கு கற்பிப்போம். மாலையில் ஒரு நாழிகையேனும் தமிழ் நூலைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, உடனமர்ந்து படிப்போம்.