கடல்பாசிக் கூழும் செல் வளர்ப்பும்

மன்னார் வளைகுடாக் கரையில் பாசி எடுப்பது 1966 முதல் வணிகத் தொழிலாக நடந்து வருகிறது. ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் தீவுகளை ஒட்டிய ஆழம் குறைந்த கடலில் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகாருக்குப் போகின்றன. கட்டக்கோரை, பக்கோடா பாசி என்னும் பழுப்பு வகைகள் ஆல்ஜினேட்டுக்கு. இவற்றைப் பதப்படுத்தும் ஆலைகளில் பல மதுரையைச் சுற்றி அமைந்தன. நோன்பு திறக்கும் நேரத்தில் தட்டில் வரும் கடல்பாசி இந்த அகார்தான். ஆல்ஜினேட் துணி அச்சுப் பசையில் கரைந்துவிடும்.

அகார், ஆல்ஜினேட் இரண்டும் நீரைத் தம்முள் பிடித்துவைக்கும் ஹைட்ரோஜெல்கள். அகார் ஆய்வகத்துக்குள் வந்ததும் அடுக்களை வழியாகவே. 1881இல் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸே பாக்டீரியா வளர்க்கப் பயன்படுத்திய ஜெலட்டின் வெயிலில் இளகியது. அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னவர், ஜாம் செய்ய அதைப் பயன்படுத்திவந்த அவர் மனைவி ஃபேனி. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அகார் வரத்து நின்றபோது, இந்தியக் கரைகளிலேயே அதற்கான பாசியைத் தேடும் ஆய்வுகள் நடந்தன.

விலங்குச் செல்லை உடலுக்கு வெளியே வளர்க்கும் முயற்சி கூழில்தான் கைகூடியது. 1907இல் ராஸ் ஹாரிசன் தவளையின் நரம்புத் திசுவை உறைந்த நிணநீரில் வளர்த்தார். பிறகு வந்த தட்டையான கண்ணாடி, பிளாஸ்டிக் தட்டுகள் வசதியானவை. ஆனால் அவற்றில் செல்கள் ஒரே அடுக்காய்ப் படர்ந்து, உடலில் இருக்கும் வடிவத்தை இழக்கின்றன. 1964இல் இயன் மேக்ஃபெர்சனும் லூக் மோந்தாக்னியரும் பாலியோமா வைரஸ் தாக்கி மாறிய செல்களை அகாரில் மிதக்கவிட்டனர். அவை திரளாகப் பெருகின, இயல்பான செல்கள் பெருகவில்லை. புற்றுத்தன்மையைக் கண்டறிய அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது. 1980இல் ஃபிராங்க்ளின் லிம்மும் ஆந்தனி சன்னும் இன்சுலின் சுரக்கும் கணையத் திட்டுகளை ஆல்ஜினேட் மணிகளுக்குள் அடைத்து எலிகளில் பொருத்தினர். ஆல்ஜினேட் கரைசலில் கால்சியம் பட்டதும் அது உறைந்துவிடும். சூடு தேவையில்லாததால் செல் சாவதில்லை.

நுண்கால்வாய்களில் திரவத்தை ஓடவிடும் மைக்ரோஃப்ளூயிடிக் சில்லு பின்னால் வந்தது. 1998 வாக்கில் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு சிலிகோன் ரப்பரில் நுண்கால்வாய்களை வார்த்தெடுக்கும் எளிய முறையைத் தந்தது. அத்தகைய கால்வாயில் எண்ணெய் ஓடும்போது, செல் கலந்த ஆல்ஜினேட் ஒரே அளவுத் துளிகளாக அறுபட்டு உறைகிறது. சில்லுக்குள் கூழை நிரப்பி, அருகே ஓடும் வளர்ப்புத் திரவத்தில் மருந்தை விட்டால், அது கூழினூடே ஊடுருவி உள்ளிருக்கும் செல்களை எட்டுகிறது. தட்டில் ஒரேயடியாக ஊற்றுவதைவிட உடலின் நிலைக்கு இது நெருக்கம்.

2023 மார்ச்சில் இந்திய அரசு புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வு விதிகளைத் திருத்தி, விலங்குச் சோதனைக்கு மாற்றாக முப்பரிமாணச் செல் வளர்ப்பு, ஆர்கனாய்டு (உறுப்பைப் போல் வளரும் சிறு செல்திரள்), உறுப்புச் சில்லு ஆகியவற்றுக்கு இடம் கொடுத்தது. இதில் ஒரு முரண் உண்டு: ஆர்கனாய்டு வளர்ப்பில் அதிகம் புழங்கும் மேட்ரிஜெல், எலியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்படுவது. பாசிக் கூழில் அந்தச் சிக்கல் இல்லை, வேறு குறை உண்டு. ஆல்ஜினேட்டில் செல் பற்றிக்கொள்ள இடமில்லாததால் பெப்டைடுகளை ஒட்டவைக்க வேண்டும். பாசியின் இனமும் பருவமும் மாறினால் கூழின் உறுதியும் மாறும். துணி ஆலைக்குப் போகும் ஆல்ஜினேட்டை அப்படியே சில்லில் ஊற்ற முடியாது.