மலைப்பாதையும் ஓட்டப்பாதையும்

போடிநாயக்கனூரை விட்டுப் புறப்படும் பேருந்து, முந்தல் என்னும் அடிவாரத்தைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. பதினேழு கொண்டையூசி வளைவுகளைத் தாண்டி, ஏறத்தாழ 4,500 அடி உயரத்தில் போடிமெட்டை அடைகிறது. கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைக்கும் நெடுஞ்சாலை தமிழகத்தை விட்டுக் கேரளத்தினுள் நுழையும் இடம் இதுவே. இப்பால் தேனி மாவட்டம். அப்பால் இடுக்கி மாவட்டம். ஏலத்தோட்டங்களில் வேலை செய்வோர் விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி வருவதையும், பொழுது சாயும் வேளையில் அவ்வாறே இறங்கிச் செல்வதையும் நாள்தோறும் காணலாம். மலைமேலேயே லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களும் பல உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர், விடுமுறையில் ஊர் சென்றிருந்த நான், போடிமெட்டுத் தேநீர்க் கடை ஒன்றில் பேருந்துக்காகக் காத்திருந்தேன். தோட்டத் தொழிலாளி ஒருவர் மடித்த காகிதம் ஒன்றை என்னிடம் நீட்டினார். "சார், இதிலே என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். விளையாட்டு விடுதி ஒன்றுக்கு மாணவ மாணவியரைத் தேர்ந்தெடுப்பது பற்றிய ஆங்கில அறிவிப்பு அது. பள்ளி ஆசிரியர் ஒருவர், "உன் மகள் நன்றாக ஓடுகிறாள், முயன்று பார்" என்று கொடுத்தாராம். படித்தேன். தேர்வு நாள் கடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அதைச் சொன்னபோது அவர் காகிதத்தை முன்போலவே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரி சார், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். ஆனால் அடுத்த ஆண்டு அச்சிறுமி வயது வரம்பைத் தாண்டிவிடுவாள் என்பதும் அக்காகிதத்திலேயே இருந்தது. அதையும் நானே சொல்ல வேண்டியதாயிற்று.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டு மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பணியாற்றும் எனக்கு, அந்த ஒரு காகிதம் நெடுநாள் உறுத்தலாக இருந்தது. ஏழைச் சிறார்க்கு இலவசமாக விளையாட்டுப் பயிற்சி அளிக்கும் வழக்கம் நம் நாட்டில் எவ்வாறு தோன்றியது, அது யாரை உயர்த்தியது, யாரைக் கைவிட்டது என்று படித்து அறிய முற்பட்டேன். அவ்வாறு அறிந்தவற்றை நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைநாட்டின் மேற்குச் சரிவிலிருந்தே இவ்வரலாற்றைத் தொடங்குவது பொருந்தும். திருவாங்கூர் அரச குடும்பத்தைச் சார்ந்த லெப்டினன்ட் கர்னல் கோதவர்ம ராஜா, ஜி. வி. ராஜா என்று யாவராலும் அழைக்கப்பட்டவர், 1954-இல் விளையாட்டு மன்றம் ஒன்றை நிறுவினார். மாநிலங்கள் 1956-இல் மொழிவழியாகப் பிரிக்கப்பட்ட பின் அதுவே கேரள மாநில விளையாட்டு மன்றமாக வளர்ந்தது. 1971-இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். அவர் பிறந்த அக்டோபர் 13-ஆம் நாளைக் கேரளம் விளையாட்டு நாளாகப் போற்றி வருகிறது.

அவர் இட்ட வித்து முளைத்தது 1976-இல் எனலாம். அவ்வாண்டில் கேரள அரசு, சிறுமியர்க்கென விளையாட்டுப் பிரிவு ஒன்றைக் கண்ணனூரில் தொடங்கிற்று. தேர்ந்தெடுக்கப்பட்ட நாற்பது சிறுமியருள் பய்யோலி ஊரைச் சேர்ந்த பி. டி. உஷாவும் ஒருவர். வறுமையும் நோயும் வாட்டிய இளமை அவருடையது. ஓ. எம். நம்பியார் என்னும் பயிற்சியாளர் அச்சிறுமியின் கால்களில் மறைந்திருந்த வேகத்தைக் கண்டார். அரசு திங்கள்தோறும் 250 ரூபாய் உதவித்தொகை வழங்கிற்று. 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நானூறு மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கில் அவர் வெண்கலப் பதக்கத்தை இழந்ததையும், 1986-இல் சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கப் பதக்கங்கள் பெற்றதையும் மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இங்கே நாம் உற்று நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கண்ணனூரில் அச்சிறுமியர்க்குக் கிடைத்தது ஓட்டப்பாதை மட்டுமன்று. உண்ண உணவு, உறங்க இடம், பயில பள்ளி, வழிநடத்த ஓர் ஆசான் ஆகிய நான்கும் ஒருங்கே கிடைத்தன. ஏழைக் குழந்தை எதிர்கொள்ளும் முதற் போட்டியாளர் பக்கத்துத் தடத்தில் ஓடுபவர் அல்லர், பசியே ஆகும். மாலையில் மைதானத்துக்குச் செல்லும் சிறுமி, வீட்டு வேலைக்கும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதற்கும் இல்லாமற் போகிறாள். அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும் வலிமை ஏழைக் குடும்பத்துக்கு இல்லை. ஆகவே, பயிற்சி இலவசம் என்று அறிவித்துவிட்டால் மட்டும் அது ஏழைக்கு எட்டிவிடுவதில்லை.

போடிமெட்டுக்கு அப்பால் உள்ள இடுக்கி மாவட்டத்தின் கதையும் இதனையே உணர்த்துகிறது. 1972-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் தனி மாவட்டமாக அமைந்த அம்மலைநாடு, மக்கள்தொகையில் சிறியதாயினும் ஓட்டப் பந்தயத்தில் பெரும் புகழ் ஈட்டியது. தொடுபுழையில் பிறந்த ஷைனி ஆபிரகாம், கோட்டயத்து விளையாட்டுப் பிரிவில் சேர்ந்து பயின்றவர். லாஸ் ஏஞ்சல்ஸில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் அரையிறுதியை எட்டினார். அதே விழாவில் தொடர் ஓட்டத்தின் இறுதிச் சுற்றில் ஓடிய இந்திய மங்கையர் நால்வரில் அவரும் உஷாவும் இருந்தனர். 1992-இல் பார்சிலோனாவில் நம் தேசியக் கொடியை ஏந்தி முன்சென்றவரும் அவரே. இடுக்கி மலைச் சிற்றூரான கொம்பிடிஞ்ஞாலில் பிறந்த கே. எம். பீனாமோள் 2002-இல் புசான் ஆசிய விளையாட்டில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அவருடைய தம்பி பினு ஆடவர் எண்ணூறு மீட்டரில் வெள்ளி வென்றார்.

போடிமெட்டுக்கு வெகு தொலைவில் இல்லாத ராஜாக்காட்டுப் பகுதியில் பிறந்தவர் பிரீஜா ஸ்ரீதரன். இளமையிலேயே தந்தையை இழந்தவர். குடும்பத்தைத் தாங்கத் தமையன் தன் படிப்பை நிறுத்தி வேலைக்குச் சென்றார், தங்கை ஓடினாள். 2010-இல் சீனத்தின் குவாங்சௌ நகரில் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் தங்கமும் ஐயாயிரம் மீட்டரில் வெள்ளியும் அவருக்குக் கிடைத்தன. அப்பதக்கங்களில் ஒரு பாதி அத்தமையனுக்கு உரியது என்றால் மிகையாகாது. ஆயினும், ஒரு பிள்ளையின் கல்வியைக் கொடுத்து மறு பிள்ளையின் பயிற்சியை வாங்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் நேரலாகாது என்பதும் உண்மையன்றோ?

மலையில் பிறந்தோர்க்கு இயல்பாகவே ஓட்டம் வரும் என்று சிலர் கூறுவர். 1968-இல் மெக்சிகோ நகரில், 2,240 மீட்டர் உயரத்தில் ஒலிம்பிக் நடந்தபோது, உயர்ந்த நிலப்பகுதிகளிலிருந்து வந்த கென்யா வீரர்கள் நெடுந்தூர ஓட்டங்களில் மேலோங்கி நின்றனர். மெல்லிய காற்றில் வாழும் உடல் குருதிச் சிவப்பணுக்களை மிகுதியாக ஆக்கிக்கொள்கிறது என்பது அறிவியல் கண்ட உண்மை. ஆனால் போடிமெட்டின் உயரம் அதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கேயாகும். மேலும், மலை எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே காற்றைத்தான் கொடுக்கிறது. அவர்களுள் சிலரே மைதானத்தை அடைகிறார்கள். இந்த வேறுபாட்டைச் செய்வது மலையன்று, மனிதர் செய்யும் ஏற்பாடே.

இதற்கு மலையடிவாரப் பாலக்காடும் சான்று. முண்டூரில் விவசாயக் கூலிகளின் மகளாகப் பிறந்த பி. யு. சித்ரா, பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரின் முயற்சியால் ஓட்டக்களம் கண்டவர். 2017-இல் புவனேசுவரத்திலும் 2019-இல் தோகாவிலும் ஆசியப் போட்டிகளில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் தங்கத்தை வென்றார். அடுப்பு எரிவதே அரிதான வீட்டிலிருந்து ஆசிய வெற்றி மேடை வரை அவரைக் கொண்டுசென்ற பாதை, ஒரு சாதாரணப் பள்ளியின் மைதானத்தில்தான் தொடங்கிற்று.

இனி மெட்டிலிருந்து கிழக்கே இறங்குவோம். மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தில் பெற்றோரை இழந்து பாட்டியின் கூலியில் வளர்ந்தவர் ரேவதி வீரமணி. காலணி இன்றி ஓடிய அச்சிறுமியைக் கண்டெடுத்த பயிற்சியாளர் கண்ணன், முதலில் இணங்காத பாட்டியைப் பேசி இணங்கச் செய்தார். கல்லூரியில் இலவச இடமும் விடுதியும் கிடைக்க வழி செய்தார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய நால்வரில் ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகிய மூவர் தமிழர் என்பதை எண்ணி நாம் மகிழலாம்.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனின் கதையோ மகிழ்ச்சியும் துயரமும் கலந்தது. செங்கற் சூளைத் தொழிலாளரின் மகளான அவர், 2006-இல் தோகா ஆசிய விளையாட்டில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் பெற்ற வெள்ளிப் பதக்கத்தைப் பாலினச் சோதனை ஒன்றின் பெயரால் இழந்தார். இந்த அவமதிப்பின் நடுவேயும் அவர் செய்தது என்ன? தம் மாவட்டத்திலேயே சிறார்க்குப் பயிற்சிக்கூடம் தொடங்கினார். 2009-இல் அங்கே 68 மாணவர் பயின்றனர். சென்னை மாரத்தான் ஓட்டத்தில் அவர் மாணவர் முதலிடமும் மூன்றாமிடமும் பெற்றனர். ஆயினும் நிலையான பொருளுதவி இன்றி அக்கூடம் நின்றது; அவரே சூளை வேலைக்குத் திரும்ப நேர்ந்தது. பின்னர் முறையான பயிற்சியாளர் கல்வி பெற்று, 2016-இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிலையான பணி பெற்றார். தாம் பெற்ற பயிற்சியைப் பிறர்க்கு வழங்கும் இப்பண்பு உஷாவிடமும் காணப்படுகிறது. அவர் 2002-இல் தொடங்கிய ஓட்டப் பள்ளியில் பயின்ற டின்டு லூகா 2014 ஆசிய விளையாட்டில் எண்ணூறு மீட்டர் வெள்ளி வென்றார்.

நல்ல திட்டம் பாதியில் நின்றால் விளைவது யாது என்பதைக் கர்நாடகத்தில் வாழும் நேயர்கள் அறிந்திருக்கக்கூடும். வடகன்னடக் காடுகளில் வாழும் சித்தி மக்கள் ஆப்பிரிக்க வழியினர். 1984-இல் தோன்றிய இந்திய விளையாட்டு ஆணையம், 1987-இல் அவர்தம் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துத் தங்க வைத்துப் பயிற்சி அளிக்கத் தொடங்கிற்று. 1993-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஊரை விட்டுப் பிரித்து, ஒரு கனவைக் காட்டி, பிறகு திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் இழந்தவற்றை எந்தக் கணக்கேடும் காட்டாது. ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுப்பது ஓராண்டுச் செலவன்று, பத்தாண்டுப் பொறுப்பு.

இந்நாளில் இக்கேள்வி புதிய வடிவம் கொண்டுள்ளது. நீந்தி, மிதிவண்டி ஓட்டி, பின் ஓடி முடிக்கும் முக்கூட்டுப் பந்தயமாகிய டிரையத்லான், 1974-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் அமெரிக்காவின் சான் டியாகோ கடற்கழியில் முதன்முதலாக அப்பெயரில் நடைபெற்றது. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. ஒன்றரைக் கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் மிதிவண்டி, 10 கிலோமீட்டர் ஓட்டம் என்பது அங்கே வகுத்த அளவு. சிறார்க்கு இவை குறைக்கப்படும். 2015-இல் கேரளத்தில் நிகழ்ந்த தேசிய விளையாட்டிலும் இப்பந்தயம் இடம்பெற்றது. அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் ஏழைச் சிறார்க்கு இதனை இலவசமாகக் கற்பிக்கும் அமைப்புகள் உள்ளன.

ஓட்டத்துக்கு வேண்டுவது ஒரு வெளி. காலணி இன்றியும் தொடங்கலாம். இப்பந்தயத்துக்கோ நீச்சற்குளமும் வண்டியும் வேண்டும். சிற்றூர்ப் பிள்ளை கிணற்றிலும் கண்மாயிலும் நீந்தப் பழகுகிறான். நகரத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைக்குக் கிணறும் இல்லை, கட்டணக் குளத்துள் நுழையக் காசும் இல்லை. தமிழக அரசு பதினோராம் வகுப்பு மாணவர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. பந்தய வண்டி அன்று எனினும், பழகுவதற்குப் போதுமானது. நகராட்சிக் குளங்கள் காலையில் ஒரு மணி நேரம் ஏழைச் சிறார்க்குத் திறக்கப்பட்டு, நீச்சல் ஆசிரியர் ஒருவரும் பயிற்சிக்குப்பின் ஒரு வேளை உணவும் கிடைத்தால், இங்கும் அப்பந்தயம் செல்வர்க்கே உரியதாக நின்றுவிடாது. கண்ணனூர் கற்பித்த பாடம் இதற்கும் பொருந்தும்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்துள்ள நம்மவர் குடும்பங்கள் உங்கள் அண்டையில் உள்ளன. விளையாட்டு விடுதிகளுக்கான தேர்வு அறிவிப்புகள் ஆண்டுதோறும் வருகின்றன. ஆனால் அவை அக்குடும்பங்கள் படிக்கும் மொழியில் வருவதில்லை. நீங்கள் அம்மாநில மொழி அறிந்தவர்களாயின், ஓர் அறிவிப்பைப் படித்துச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். வயதுச் சான்றிதழ் எங்கே கிடைக்கும் என்று காட்டுங்கள். தேர்வு நாளன்று ஒருவேளை உடன் செல்லுங்கள். இதற்குப் பொருட்செலவு இல்லை.

போடிமெட்டில் நான் அக்காகிதத்தை மூன்று நாள் முன்னதாகப் படித்திருந்தால், அச்சிறுமி ஒரு முறை ஓடிப் பார்த்திருப்பாள். வென்றிருப்பாளோ, தோற்றிருப்பாளோ, யான் அறியேன். ஆனால் ஓடுவதற்கு முன்பே தோற்றிருக்க மாட்டாள்.