சிரிப்பும் ஒரு கல்வியே

திருத்தணி வட்டத்துக் கே.ஜி.கண்டிகைப் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் உருதுவும் அடுத்தடுத்துக் காதில் விழும். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்றுதான் தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு நகர்ந்தது, மக்களின் பேச்சு நகரவில்லை. இத்தகைய ஊர்களில் வளரும் இளைஞர் சிலர், கைபேசியில் நகைச்சுவைக் காட்சிகளைப் படமாக்குவதையே தொழிலாகக் கொள்ள விழைகின்றனர். “கோமாளித்தனம் சோறு போடுமா? மார்க்கம்தான் இதை ஏற்குமா?” என்று பெற்றோர் கலங்குகின்றனர். இவ்விரு வினாக்களுக்கும் வரலாறு தரும் விடையை நாம் காண்போம்.

அரபு உரைநடையின் பேராசான்களுள் ஒருவர் அல்ஜாஹிழ். கி.பி. 776ஆம் ஆண்டையொட்டிப் பஸராவில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் ரொட்டியும் மீனும் விற்றார் என்றும், புத்தகக் கடைகளை வாடகைக்குப் பிடித்து இரவெல்லாம் படித்தார் என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். தொடக்கத்தில் அவர் பெயருக்கு மதிப்பில்லை. ஆகவே தம் எழுத்துகளுள் சிலவற்றைப் புகழ்பெற்ற முன்னோரின் பெயரில் உலவவிட்டார். பின்னர் ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் நூலை அமைச்சர் இப்னுஸ் ஸய்யாத்துக்குக் காணிக்கையாக்கி 5,000 தீனார் பெற்றார் என்பர். சோறு கிடைத்தது, நெடுங்காலக் கல்விக்குப் பின்னரே கிடைத்தது.

‘கிதாபுல் புகலா’ என்பது கஞ்சர்களைப் பற்றிய அவருடைய நகைச்சுவை நூல். பாமரர் பேச்சைத் திருத்தி இலக்கணமாக்கினால் நகை கெட்டுவிடும் என்று கருதி, அதை அப்படியே விட்டுவைத்ததாக அதில் கூறுகிறார். ‘அல்பயான் வத்தப்யீன்’ நூலில், யமன், குராஸான், ஸிந்து மக்களின் பேச்சைச் சிறிதும் பிசகாமல் பேசிக் காட்டும் கலைஞர்களைக் கண்டு வியக்கிறார். நாவுக்கு முன்னே செவி பழக வேண்டும் என்பதே இதில் அடங்கிய பாடம்.

சிரிக்க வைப்பவனும் அழ வைப்பவனும் இறைவனே என்பது அந்நஜ்மு அத்தியாயத்தின் 43ஆம் வசனக் கருத்து. சிரிப்பு ஆகுமானது என்பதற்கு ஜாஹிழ் இதையே சான்றாகக் காட்டுகிறார். ஆனால், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதை அல்ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் விலக்குகிறது. மர்வு நகரத்தார் எல்லாரையுமே கஞ்சர்களாகச் சித்திரித்தபோது ஜாஹிழ் அந்த வரம்பைக் கடந்தார் என்றே நாம் கருதுகிறோம். எத்துணைப் பெரிய அறிஞரும் இடறக்கூடிய இடம் அது.

இக்கலையை அண்மைக் காலத்தில் தமிழில் காட்டியவர்கள் இலங்கைக் கலைஞர்கள். எஸ். ராம்தாஸ் எழுதிய ‘கோமாளிகளின் கும்மாளம்’ இலங்கை வானொலியில் புகழ்பெற்ற தொடர் நாடகம். அதில் ராம்தாஸ் முஸ்லிம் தமிழ் பேசும் மரிக்காராக நடித்தார். ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டி. செல்வசேகரன் சிங்களச் சாயலில் தமிழ் பேசும் உபாலி. அப்துல் ஹமீத் ஐயர். முஸ்லிம் அல்லாதவர் மரிக்கார் ஆனார்; முஸ்லிம் ஐயர் ஆனார். நால்வரும் ஒரே மேடையில் சரிநிகராக நின்றதால், ஒருவர் பேச்சு மட்டும் நகைப்புக்கு இலக்காகவில்லை. 1976இல் அது ‘கோமாளிகள்’ என்னும் திரைப்படமாயிற்று. ‘மரிக்கார்’ என்பது ராம்தாஸின் பெயரோடே ஒட்டிக்கொண்டது. அப்துல் ஹமீதோ பின்னாளில் ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சி வழியே தமிழகத்து வீடுகளிலும் அறிமுகமானார்.

இதற்கு மாறாக, தமிழ்த் திரைப்படங்கள் பலவற்றில் உருது பேசுபவர் ‘நம்பள், நிம்பள்’ என்று உடைந்த தமிழ் பேசிச் சிரிப்புக்கு ஆளானதை நாம் கண்டிருக்கிறோம். அது செவி பழகாதவர் செய்த நகை. அதற்கு மாற்று, முகம் சுளிப்பதன்று. நம் வீட்டுப் பேச்சை நன்கறிந்தவர் எழுத வருவதே. கடலோர முஸ்லிம்களின் பேச்சையும் எள்ளலையும் நாவலாக்கிய தோப்பில் முகம்மது மீரானுக்கு, ‘சாய்வு நாற்காலி’க்காக 1997இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

ஆதலின் பெற்றோரே, பிள்ளையின் கைபேசியைப் பறிக்குமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இதற்காக நீ எதைப் படித்தாய்? உன் நகைச்சுவைக்கு இலக்கானவர் உன் அருகில் அமர்ந்து தாமும் சிரிப்பாரா? இரண்டுக்கும் அவனிடம் விடை இருக்குமாயின், அவன் கற்கத் தொடங்கிவிட்டான். பிழைப்புக்கு வேறொரு கைத்தொழிலையும் பழகச் செய்து, அவனுக்குக் காலம் கொடுங்கள். மீன் விற்ற கையால்தான் ஜாஹிழும் எழுதினார்.