ராட்டினமும் வரிசையும்

தமிழகக் குடும்பங்களின் கேளிக்கைப் பூங்கா வரலாற்றை, தாம்பரத்தை அடுத்து 1995இல் திறக்கப்பட்ட கிஷ்கிந்தாவிலிருந்து தொடங்குவோர் பலர். (அதை அமைத்த நவோதயா அப்பச்சன் 1984இல் முப்பரிமாணக் குட்டிச்சாத்தானைத் திரையில் ஏவியவர் என்பது சுவையான கிளைக்கதை.) ராஜபாளையத்துக்காரர்களுக்கு அந்த வரலாறு இன்னும் பழையது. ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போவதே அவர்களது விடுமுறை: ராட்டினம், திருமுக்குளத்தில் நீச்சல், தரிசன வரிசை, திரும்புகையில் பால்கோவா.

ஆண்டாள் தேர் நிலைக்கு வர ஒரு காலத்தில் பல நாட்கள் பிடித்தன. இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தப்பட்ட பின் சில மணி நேரத்தில் வந்துவிடுகிறது. அந்தக் காத்திருப்பு நாட்களில்தான் ரதவீதிகளில் கடைகளும் ராட்டினங்களும் வேர்விட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஆனால் இந்தப் பழங்கால ஏக்கத்தில் ஒரு மறதியும் உண்டு. பூங்கா வாசலில் கேட்பது பணம். கோயில் வாசலில் கேட்டது பிறப்பு. மதுரை மீனாட்சி கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்தது 1939 ஜூலை 8 அன்று. சென்னை மாகாணம் முழுமைக்குமான சட்டம் 1947இல்தான் வந்தது. அதற்கு முன், சேரியிலிருந்து திருவிழா பார்க்க வந்த குழந்தைக்கு வரிசை கோபுரத்துக்கு வெளியிலேயே முடிந்துவிட்டது.